காப்பிச் செடிக்கு நல்ல பாக்டீரியா: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

கீழ்ப்பழனி மலையிலும் ஏற்காட்டிலும் ரெண்டு ஏக்கர், நாலு ஏக்கர் காப்பி வைத்திருப்பவர்கள் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா பற்றிக் கேட்கிற சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டுவிட்டேன். மேலிருந்து படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும்.

பாக்டீரியான்னாலே நோய்தானே சார், அதைப் போய் செடிக்கு ஊத்தச் சொல்றீங்க?

ஒரு சிட்டிகை தோட்டத்து மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் செடிக்கு நோய் தருபவை மிகச் சில. வேரைச் சுற்றி வாழ்கிற பலவும் செடி கசியவிடும் சர்க்கரையைத் தின்றுகொண்டு, பதிலுக்குச் செடிக்கு ஏதாவது ஒரு வகையில் உதவி செய்துகொண்டு இருப்பவைதான்.

காப்பியைப் பொறுத்தவரை நம்மை நோகடிக்கும் பெரிய நோய்கள் பூஞ்சைகளால் வருபவை. இலைத்துரு, மழைக்காலக் கருப்பழுகல், நாற்றங்காலில் கழுத்தழுகல், வளர்ந்த செடியில் வேரழுகல் எல்லாமே பூஞ்சைதான். அந்தப் பூஞ்சைகளுக்கு எதிராகத்தான் பாக்டீரியாவை இறக்குகிறோம்.

கடையில சூடோமோனாஸ், பேசில்லஸ், டிரைக்கோடெர்மான்னு மூணு பாக்கெட் குடுக்கிறாங்க. மூணும் ஒண்ணுதானா?

இல்லை. முதல் இரண்டும் பாக்டீரியா. டிரைக்கோடெர்மா என்பது பூஞ்சை, ஆனால் மற்ற பூஞ்சைகளைப் பிடித்துத் தின்கிற நல்ல பூஞ்சை. இது ஏதோ பாடப்புத்தக விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். கார்பென்டாசிம் மாதிரியான பூஞ்சைக்கொல்லி டிரைக்கோடெர்மாவைத் தீர்த்துவிடும், பாக்டீரியாவை அந்த அளவுக்குத் தொடாது. ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரியான ஆன்டிபயாடிக் அடித்தால் கதை தலைகீழ்.

சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் இரண்டுக்குள்ளும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. பேசில்லஸ் நிலைமை மோசமானால் கெட்டியான ஓடு போட்ட வித்தாக மாறி, வெயிலையும் வறட்சியையும் தாங்கிக் கிடக்கும். சூடோமோனாஸுக்கு அந்த வசதி இல்லை, காய்ந்தால் செத்துப்போகும். ஆனால் ஈரமும் தொழு உரமும் இருக்கிற இடத்தில் வேரில் வேகமாகப் பரவுவதில் அது கெட்டி. எனக்கு வேருக்கு சூடோமோனாஸ், இலைக்கு பேசில்லஸ் என்ற பிரிவு நியாயமாகப் படுகிறது, இது சட்டமல்ல.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகியவை சத்துக்கு. நோய்க்கு என்று அவற்றை வாங்காதீர்கள்.

இது எப்படித்தான் பூஞ்சையைத் தடுக்குது? மருந்து மாதிரி கொல்லுமா?

கொஞ்சம் கொல்லும், அதிகம் தடுக்கும். முதல் வேலை இடம் பிடிப்பது. பஸ் கிளம்புவதற்கு முன்னாடியே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுவிடுகிற ஆளைப் போல, வேரின் மேல்தோலிலும் வேர் பிரியும் இடுக்குகளிலும் இது முன்னதாகப் போய் உட்கார்ந்துவிடும், பின்னால் வரும் பூஞ்சைக்கு இடமும் தீனியும் குறையும். இரண்டாவது, சூடோமோனாஸ் மண்ணில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து இழுக்கும் சிடரோஃபோர் என்ற பொருளைக் கசியவிடுகிறது. இரும்பு கிடைக்காத பூஞ்சை தடுமாறும். மூன்றாவது, சில பாக்டீரியா ரகங்கள் நேரடியாகவே நஞ்சு சுரக்கும். சூடோமோனாஸின் ஃபீனசின், பேசில்லஸின் இடுரின், ஃபெங்கிசின் எல்லாம் அந்த வகை. ஃபெங்கிசினும் இடுரினும் பூஞ்சையின் செல் சவ்வை ஓட்டை போடுபவை.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. வேரில் இந்தப் பாக்டீரியா ஒட்டிக்கொண்டதைச் செடி உணர்ந்து, தன் தற்காப்பை முழுச் செடியிலும் உஷார்ப்படுத்தி வைத்துக்கொள்கிறது. பாக்டீரியா இருப்பது வேரில், உஷாராவது இலை. இதனால்தான் மண்ணில் போட்டதற்கு இலையிலும் ஓரளவு பலன் தெரிகிறது. ஆனால் உஷார் என்றால் கவசம் என்று அர்த்தமில்லை, நோய் வரும், கொஞ்சம் தாமதமாகவும் கொஞ்சம் குறைவாகவும் வரும்.

இலைக்கு அடியில ஆரஞ்சுப் பொடி வந்தாச்சு. இப்ப அடிச்சா போயிடுமா?

போகாது. எனக்கு அதிகமாக வரும் கேள்வியும் இதுதான், அதிகமாக ஏமாற்றம் தருவதும் இதுதான். அந்தப் பொடி துருப் பூஞ்சையின் வித்து. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர். வித்து இலையின் அடிப்பக்கம் விழுந்து, அங்கே தண்ணீர் படலம் சில மணி நேரம் காயாமல் இருந்தால் முளைத்து, இலைத்துளை வழியாக உள்ளே நுழைகிறது. நம் மலையின் இதமான 22, 23 டிகிரிதான் அதற்கும் இதம். உள்ளே போன பிறகு மேலே என்ன தெளித்தாலும் பாக்டீரியாவால் அதை எட்ட முடியாது. உள்ளே நுழைந்து பொடி வெளியே தெரிய சுமார் ஒரு மாதம் ஆகும், அதனால் நீங்கள் இன்று பார்க்கிற பொடி போன மாதத்து நோய்.

பாக்டீரியா வேலை செய்வது வித்து முளைப்பதற்கு முன்னும் முளைக்கும் அந்தச் சில மணி நேரத்திலும்தான். பொடி தெரிந்துவிட்டால் ஹெக்ஸகோனசோல் மாதிரி இலைக்குள் ஊடுருவும் மருந்துதான் வழி. அளவை காப்பி வாரிய விரிவாக்க அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அடியுங்கள். பாக்டீரியாவை அடுத்து வரும் புதுத் தளிருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்ப எப்பதான் அடிக்கணும்?

மழைக்கு முன்னாடி, தளிர் விரிந்தவுடன். காப்பி பற்றிய பெரும்பாலான கால அட்டவணைகள் சிக்மகளூர், குடகு பக்கத்துத் தென்மேற்கு மழையை வைத்து எழுதப்பட்டவை. கீழ்ப்பழனியில் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில். அதை அப்படியே பார்த்து நடந்தால் நமக்கு நாள் பிசகும். பூமழை, அதாவது காப்பியைப் பூக்க வைக்கும் கோடை மழை, முடிந்து வரும் தளிருக்கு ஒன்று, ஆகஸ்ட் செப்டம்பரில் பெரிய மழை பிடிப்பதற்கு முன் ஒன்றிரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் செப்டம்பரிலேயே மழை வலுத்துவிடும், அங்கே கொஞ்சம் முந்திக்கொள்ளுங்கள்.

லிட்டருக்கு 5 கிராம் பவுடர், துணியில் வடிகட்டி, சாயங்காலம். காலை பத்து மணி வெயிலில் தெளித்தால் புற ஊதாக் கதிரே பாதியைக் கொன்றுவிடும். நாசிலை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள், ஏனென்றால் துரு நுழைவது அங்கேதான். கூலிக்கு வருகிறவர்கள் மேலாகவே அடித்துவிட்டுப் போவார்கள், பக்கத்தில் நின்று பார்க்கத்தான் வேண்டும். கனமழை கழுவிவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.

போர்டோ கலவையோட சேர்த்து அடிச்சா ஒரு கூலி மிச்சம்ல?

கூலி மிச்சம், பாக்டீரியா காலி. போர்டோவில் இருக்கும் மயில்துத்தம் தாமிரம், அது பூஞ்சையை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. காப்பர் ஆக்ஸிகுளோரைடும் அப்படித்தான். ஒரே டேங்கில் கலக்கவே கூடாது, கழுவாத டேங்கில் ஊற்றுவதும் கலப்பதுதான்.

இலையில் போர்டோ அடித்தால் அதே இலையில் பாக்டீரியாவுக்குக் குறைந்தது 15 நாள் இடைவெளி விடுங்கள், மழை ஒன்று பெய்து கழுவியிருந்தால் இன்னும் நல்லது. மண்ணுக்குப் போடுவதற்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். இலைக்குப் போர்டோ, வேருக்கு சூடோமோனாஸ் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒரே தோட்டத்தில் சண்டையில்லாமல் இருக்கும். பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

அப்ப காப்பரை விட்டுட்டு பாக்டீரியாவை மட்டும் நம்பலாமா?

துரு சுலபமாகப் பிடிக்கிற பழைய அரபிகா வைத்திருந்தால், என் பதில் வேண்டாம் என்பதுதான். மழை தொடர்ந்து பெய்கிற வருடத்தில் போர்டோவைப் போல இலையில் ஒட்டிக்கொண்டு நிற்பது பாக்டீரியாவால் ஆகாது. பிரேசிலில் இந்த வழியைத் தோட்டத்திலேயே சோதித்து 2009-ல் ஆய்வு வெளியிட்டார்கள், பேசில்லஸ் ரகம் ஒன்று துருவை நன்றாகவே குறைத்தது. ஆனால் அது நூற்றுக்கணக்கான ரகங்களிலிருந்து காப்பித் துருவுக்கென்றே சலித்து எடுத்தது. நம் கடையில் கிடைப்பது நெல்லுக்கும் வாழைக்கும் மஞ்சளுக்கும் சேர்த்துத் தயாரிப்பது, அதே பலனை அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ரொபஸ்டா வைத்திருப்பவர்களுக்குத் துரு பெரிய பிரச்சினையே இல்லை, அவர்கள் தாராளமாகத் தாமிரத்தைக் குறைக்கலாம். இயற்கை விவசாயச் சான்றிதழ் எடுப்பவர்களுக்கும் தாமிரத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது ஏழு ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 28 கிலோ. வருடா வருடம் அடிக்கிற தாமிரம் மண்ணில் தங்கிக்கொண்டே போகும், மண்புழுவுக்கும் அது ஆகாது. அதனால் குறைப்பது நல்லதுதான், ஒரேயடியாக நிறுத்துவதுதான் சூதாட்டம்.

நாங்க நோய் எதிர்ப்பு ரகம் வச்சிருக்கோமே, எங்களுக்கு எதுக்கு இது?

எதிர்ப்பு ரகம்தான் முதல் தற்காப்பு, அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் துருவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ரகத்துக்கு ஏற்ப அதுவும் மாறும். மைசூர்ப் பகுதியில் 1911-ல் தேர்ந்தெடுத்த கென்ட் என்ற ரகம் முதலில் துருவைத் தாங்கியது, சில வருடங்களில் துருவின் வேறொரு இனம் அதையும் பிடித்தது. துருவில் பல இனங்கள் இருக்கின்றன என்பதை 1930-களில் கர்நாடகத்தின் பாலெஹொன்னூர் காப்பி ஆராய்ச்சி நிலையத்தில் மெய்ன் என்பவர் காட்டினார். பிறகு வந்த எஸ் 795, காவேரி ரகங்களுக்கும் இதே கதைதான். 2007-ல் வந்த சந்திரகிரியும் துருவைத் தாங்கும் ரகம் என்றுதான் வந்தது.

இலங்கையில் 1869-ல் இந்தத் துரு கண்ணில் பட்டு, அடுத்த இருபது வருடத்துக்குள் காப்பித் தோட்டங்களே தேயிலைத் தோட்டங்களாக மாறிப்போயின. தமிழ்நாட்டிலிருந்து காப்பிக்காகப் போன கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் தேயிலை பறித்தது இப்படித்தான். துருவைச் சாதாரணமாக நினைப்பவர்களிடம் இதைச் சொல்வது வழக்கம்.

பாக்டீரியா செடியை உஷார்ப்படுத்துகிற விதம் துருவின் குறிப்பிட்ட ஒரு இனத்தைக் குறிவைப்பதில்லை. அதனால் எதிர்ப்பு ரகத்துக்கு அது நல்ல துணை. தவிர, சந்திரகிரி நாற்றும் கழுத்தழுகலில் சாகும், அதற்கு எந்த ரகமும் விதிவிலக்கில்லை.

நாற்றங்கால்ல எப்படிக் குடுக்கறது?

உங்களிடம் ஒரு பாக்கெட்டுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அதை நாற்றங்காலில் செலவழியுங்கள். இடம் சின்னது, நிழல் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, மண் புதிது, பாக்டீரியா முதலில் போய் உட்காரத் தோதான எல்லாமும் அங்கே இருக்கிறது.

விதைக்கு கிலோவுக்கு 10 கிராம் பவுடர், கொஞ்சம் ஆறின கஞ்சித் தண்ணீரில் பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதையுங்கள். விதையை முன்னதாகப் பூஞ்சைக்கொல்லியில் நேர்த்தி செய்திருக்கிறார்களா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர் ஜனவரியில் பாத்தியில் போட்ட விதை முளைத்து, பருப்புத் தொப்பியைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிற பருவத்தில் பைக்கு மாற்றுவோம். பைக்கு ஆறு பங்கு சலித்த காட்டு மண், இரண்டு பங்கு மக்கிய தொழு உரம், ஒரு பங்கு மணல். அந்தத் தொழு உரத்தில்தான் பாக்டீரியாவைச் சேர்க்க வேண்டும். 50 கிலோ மக்கிய உரத்துக்கு ஒரு கிலோ பவுடர் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, சாக்கு போட்டு மூடி, நிழலில் பத்துப் பதினைந்து நாள் வைத்துவிட்டு மண்ணோடு கலக்குங்கள். உரம் மக்காமல் சூடாக இருந்தால் பாக்டீரியா அதிலேயே வெந்துவிடும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், சுட்டால் இன்னும் நாள் ஆகவில்லை.

மாற்றி நட்ட பிறகு மாதம் ஒருமுறை லிட்டருக்கு 5 கிராம் கரைசலை வேர்ப்பக்கம் ஊற்றலாம். ஒன்று மட்டும், கழுத்தழுகலுக்குப் பாதிக் காரணம் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றுவதும் பைகளை நெருக்கி அடுக்குவதும்தான். அதைத் திருத்தாமல் பாக்டீரியாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

வளர்ந்த செடிக்கு ஏக்கருக்கு எவ்வளவு?

ஏக்கருக்கு ஒரு கிலோ, மேலே சொன்ன மாதிரி தொழு உரத்தில் ஏற்றி. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பொதுவாகப் பயிர்களுக்குச் சொல்லும் எக்டேருக்கு 2.5 கிலோ கணக்கும் இதுதான். காப்பியின் தீனி வேர்கள் பெரும்பாலும் மேல் ஒரு அடிக்குள்தான் பரவிக் கிடக்கும். அதனால் தண்டை ஒட்டிக் கொட்டாமல், கிளை நிழல் விழும் வட்டத்தில் சருகை விலக்கி, போட்டு, சருகை மறுபடி மூடிவிடுங்கள். மண் ஈரமாக இருக்கும் நாளாகப் பாருங்கள். சுண்ணாம்போ ரசாயன உரமோ போட்டிருந்தால் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள்.

ஒரு செடி வேரழுகி காயுது. சூடோமோனாஸ் ஊத்தினா தப்பிக்குமா?

அந்தச் செடி தப்பிக்காது. இலை மஞ்சளாகித் தொங்கும்போதே வேர் முக்கால்வாசி போயிருக்கும். பிடுங்கி எரித்துவிடுங்கள். சுற்றிலும் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, வெட்டிய மண்ணை வட்டத்துக்கு உள்பக்கமே போடுங்கள். வேர் நோய்கள் பெரும்பாலும் நிழல் மரம் வெட்டிவிட்டுப் போன அடிக்கட்டையிலிருந்துதான் கிளம்பும், அதைத் தோண்டி எடுக்காமல் எத்தனை செடி மாற்றி வைத்தாலும் அதே இடத்தில் சாகும். பாக்டீரியாவும் டிரைக்கோடெர்மாவும் சுற்றியிருக்கிற நல்ல செடிகளுக்கு. அதை இன்றே போடுங்கள்.

கருப்பழுகலுக்குக் கேட்குமா?

இலை கருத்து, நூல் மாதிரி ஒன்றில் தொங்கிக்கொண்டிருப்பதுதான் கருப்பழுகல். விடாத மழையும் காற்றோட்டம் இல்லாத புதர்ச் செடியும் சேர்ந்தால் வரும். கவாத்து செய்து செடி நடுவைத் திறந்துவிடுவது, அடர்ந்த நிழலைக் குறைப்பது, தொங்கும் இலைகளைப் பொறுக்கி எரிப்பது, மழைக்கு முன் போர்டோ அடிப்பது, இவைதான் வழி. பாக்டீரியாவுக்கு இதில் பெரிய பங்கு கிடையாது.

வெல்லம் போட்டு டிரம்முல ஊற வச்சா ஒரு பாக்கெட் நூறு பாக்கெட் ஆகும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. செய்யலாமா?

டிரம்மில் ஏதோ ஒன்று நூறு மடங்காகும், அது நீங்கள் போட்டதுதானா என்பதுதான் சந்தேகம். வெல்லத் தண்ணீர் எல்லாக் கிருமிக்கும் விருந்து. திறந்த டிரம், கிணற்றுத் தண்ணீர், கழுவாத குச்சி எல்லாவற்றிலும் இருந்து வந்தவை சூடோமோனாஸை முந்திக்கொண்டு பெருகிவிடும். மூன்றாம் நாள் புளித்த வாடை வருகிறதே, அது வேறு ஆட்களின் வேலை. தொழு உரத்தில் பெருக்குவதில் ஆபத்து குறைவு, அதற்குச் செய்முறையை நாற்றங்கால் பதிலில் சொல்லிவிட்டேன்.

பஞ்சகவ்யம் ஊத்துறேன், அதுலயே எல்லாம் இருக்குதானே அண்ணே?

இருக்கிறது, எது எவ்வளவு என்றுதான் யாருக்கும் தெரியாது. வளர்ச்சிக்கு ஊற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. துருவுக்குக் காவல் என்று அதை நம்பி மழைக்கு முந்தைய தெளிப்பை விட்டுவிடாதீர்கள்.

பாக்கெட் நல்லதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

வீட்டில் சோதித்துப் பார்க்க வழியில்லை, லேபிளைத்தான் படிக்க வேண்டும். நோய்க்கு எதிராக விற்கும் சூடோமோனாஸ் 1968-ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண் லேபிளில் இருக்கும். ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியா, அதாவது 10-ன் அடுக்கு 8. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

டால்க் பவுடரில் வரும் சூடோமோனாஸுக்கு ஆயுள் மூன்று நான்கு மாதம்தான். கடைக்காரர் தகரக் கூரைக்கு அடியில் யூரியா மூட்டையோடு வைத்திருந்தால் அதுவும் கிடையாது. முடிந்தால் பல்கலைக்கழகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ புதிதாகத் தயாரித்ததை வாங்கி, மலைக்குக் கொண்டுவரும் வழியில் ஜீப் டேஷ்போர்டில் வெயிலில் வைக்காமல் கொண்டுவாருங்கள். பேசில்லஸ் மேலே சொன்ன ஓட்டின் புண்ணியத்தில் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

சூடோமோனாஸ்னா ஆஸ்பத்திரில பரவுற கிருமின்னு நர்ஸா இருக்கிற எம் மக சொல்லுது. ஆபத்தில்லையா?

உங்கள் மகள் சொல்வது சூடோமோனாஸ் ஏருஜினோசா. குடும்பப்பெயர் ஒன்று, ஆள் வேறு. புண்ணிலும் நுரையீரலிலும் சீழ் வைப்பது அது. நாம் போடும் ஃப்ளோரசன்ஸ் 25 முதல் 30 டிகிரியில் சுகமாக வளர்வது, பெரும்பாலான ரகங்கள் நம் உடம்புச் சூட்டில் சரியாக வளர்வதில்லை. இருந்தாலும் பவுடரைக் கலக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். கீமோதெரபி எடுப்பவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இந்த வேலையை இன்னொருவரிடம் விடட்டும். பதிவு எண் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், உள்ளே இருப்பது எந்தச் சூடோமோனாஸ் என்று யாராவது ஒருவர் சோதித்திருக்க வேண்டுமல்லவா.

ஒரு வருஷமா போட்டேன் சார், ஒண்ணும் வித்தியாசம் தெரியல. சும்மா ஏமாத்துறாங்களா?

எதோடு ஒப்பிட்டு என்று கேட்பேன். தோட்டம் முழுக்கப் போட்டுவிட்டால் போடாமல் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வழியே இல்லை. அடுத்த முறை ஒரே ரகம், ஒரே நிழல் இருக்கிற இடத்தில் இரண்டு வரிசையை மட்டும் போடாமல் விடுங்கள். நவம்பரில் இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் செடியில், செடிக்கு நாலு கிளை பிடித்து, மொத்த இலை எத்தனை, துரு பிடித்தது எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். உதிர்ந்த இலைகளின் காம்புத் தழும்பையும் பாருங்கள், துரு பிடித்த இலை சீக்கிரம் உதிர்ந்து கணக்கில் வராமல் போய்விடும்.

எண்ணியும் வித்தியாசம் இல்லையென்றால் பாக்கெட் செத்ததா, தாமிரத்தோடு மோதியதா, மதிய வெயிலில் அடித்தார்களா என்று மேலே சொன்ன வரிசையில் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால் இலைத் தெளிப்பை நிறுத்திவிட்டு நாற்றுக்கும் வேருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் பாதித் தோட்டங்களுக்கு அதுவே போதும்.

தண்டுத்துளைப்பானுக்கும் இதையே ஊத்தலாமா?

கூடாது என்றில்லை, கேட்காது. அது வண்டு, பூஞ்சையல்ல. ஏப்ரல் மே மாதமும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையும் வண்டு பறக்கிற காலம். அதற்கு முன்பே தண்டில் வளையம் வளையமாகப் புடைத்த செடிகளைத் தேடிப் பிடுங்கி எரிப்பதும், அரபிகாவுக்கு நிழலை அளவுக்கு மீறிக் குறைக்காமல் இருப்பதும்தான் அதற்கு வழி.